குரூப் 1 வரலாற்றுக்கு எந்தப் புத்தகம் என்று கேள்வித்தாளிடம் கேளுங்கள்

தமிழ்வழியில் இளங்கலைக் கணிதம் முடித்தவர் ஒருவர் கேட்டிருக்கிறார். டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வுக்குத் தயாராகிறார், முடிந்தால் யுபிஎஸ்சி குடிமைப்பணித் தேர்வையும் எழுதும் எண்ணம் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு வரலாற்றை விட்டுவிட்டவர். பயிற்சி மையக் குறிப்புகள், நண்பர்கள் அனுப்பிய பிடிஎஃப் கோப்புகள், இரண்டு கைடுகள் என்று மேசை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. வரலாற்றுக்கு எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, பழைய சமச்சீர்ப் புத்தகங்களையும் படிக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி.

சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இப்போதைய பாடத்திட்டப்படி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான வரலாற்றுப் பாடங்கள்தான் உங்கள் அடிப்படை நூல்கள். அதற்கு மேல் ஒவ்வொரு காலகட்டத்துக்கும் ஆழமான நூல் ஒன்று இருந்தால் போதும். இவற்றை வாங்குவதற்கும் முன்னால் உங்கள் கையில் இருக்க வேண்டியது முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள். பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். புத்தகங்களைப் படித்து முடித்த பிறகு, கடைசி மாதத்தில்தான் வினாத்தாளைப் பிரிக்கிறார்கள். அதுவரை எதைத் தேடிப் படிக்கிறோம் என்றே தெரியாமல் எல்லாவற்றையும் அடிக்கோடிட்டிருப்பார்கள்.

டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி இரண்டின் இணையதளங்களிலும் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்தாறு ஆண்டுத் தாள்களை எடுத்து வரலாற்றுக் கேள்விகளை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். விடை தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஆண்டையும் பெயரையும் கேட்கிறதா, காலவரிசைப்படுத்தச் சொல்கிறதா, கூற்றும் காரணமும் கொடுத்து இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறதா? குரூப் 1 முதல்நிலைத் தேர்வின் பொது அறிவுப் பகுதி பட்டப்படிப்புத் தரத்தில் அமைவது. ஆனாலும் அதில் பொருத்துகவும் கூற்று–காரணமும் நிறைய வரும். குரூப் 4-க்குப் படித்தவர்கள் அதே ஒருவரிக் குறிப்புகளோடு இங்கே வந்து திணறுவது இதனால்தான்.

யுபிஎஸ்சி எப்படிக் கேட்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2023 முதல்நிலைத் தேர்வில், சங்கப் பாடல்கள் குறிப்பிடும் வடக்கிருத்தல் என்ற வழக்கத்தை விளக்குவது எது என்று கேட்டார்கள். பெண் மெய்க்காப்பாளர்கள், அறிஞர் அவை, தினைப்புனம் காக்கும் பெண்கள் ஆகியவற்றோடு, போரில் தோற்ற மன்னன் உண்ணாதிருந்து உயிர்விடுவதும் ஒரு தெரிவாக இருந்தது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்று, முதுகில் பட்ட காயத்துக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூற்றில் படித்தவருக்கு இது ஒரு நொடி வேலை. அதே தாளில் கொற்கை, பூம்புகார், முசிறி மூன்றும் எதற்குப் பெயர் பெற்றவை என்றும் கேட்டார்கள். துறைமுகங்கள் என்பது நம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. தமிழ்வழியில் படித்தது தனக்குக் குறை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் பார்க்க வேண்டும். வட மாநில மாணவர்கள்கூட நம் பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பைத் தேடிப் படிக்கிறார்கள். உங்களுக்கு அது தாய்மொழியிலேயே கிடைக்கிறது.

இனி அந்தப் புத்தகங்களுக்கு வருகிறேன். ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல்களைக் கதை படிப்பதுபோல ஒருமுறை ஓட்டமாகப் படித்துவிடுங்கள். அங்கே குறிப்பெடுக்க உட்கார்ந்தால் வேகம் போய்விடும். ஒன்பதாம் வகுப்பில் நிதானப்படுத்துங்கள். பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பகுதியில் மூன்று பாடங்களை மனத்தில் பதியும்வரை படிக்க வேண்டும். ஆங்கிலேயருக்கு எதிராகத் தமிழகத்தில் நடந்த தொடக்ககாலக் கிளர்ச்சிகள், தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம், தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள் என்பவை அந்த மூன்று. புலித்தேவர், கட்டபொம்மன், மருது சகோதரர்கள் முதல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம், நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம் வரை குரூப் 1 பாடத்திட்டத்தின் தமிழகப் பகுதிக்கு இவைதான் அடித்தளம்.

பதினொன்றாம் வகுப்பு வரலாறு தொல்பழங்காலத்தில் தொடங்கி ஆங்கிலேய ஆட்சி வரை வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் முதல் பாதி தேசிய இயக்கமும் விடுதலைக்குப் பிந்தைய மறுகட்டமைப்பும், இரண்டாம் பாதி உலக வரலாறு. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் முதல் பொது அறிவுத் தாளில் பதினெட்டாம் நூற்றாண்டு முதலான உலக வரலாறு உண்டு. குரூப் 1-க்கு மட்டும் படிக்கிறவர் அந்த இரண்டாம் பாதியை இப்போது தொட வேண்டியதில்லை. பண்பாட்டுப் பகுதிக்கு மேல்நிலை வகுப்புகளின் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' நூல் இருக்கிறது. பலர் கவனிக்காமல் விட்டுவிடும் நல்ல புத்தகம் அது. எல்லாமே பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசம். ஆனால் மேல்நிலை வகுப்பு நூல்களையாவது அச்சுப் பிரதியாக வாங்கிவிடுங்கள். பலமுறை புரட்ட வேண்டியவற்றைக் கைபேசித் திரையில் படித்தால் எந்தப் பக்கத்தில் எது இருந்தது என்ற நினைவு நிற்காது.

கைடுகள் வேண்டுமா என்ற கேள்விக்கு, அவற்றைச் சோதித்துப் பார்க்கும் வழியைச் சொல்லித் தருகிறேன். எந்த நூலையும் கையில் எடுத்ததும் 1806 வேலூர்ப் புரட்சியைத் திறந்து பாருங்கள். மோசமான கைடில், 'ஜூலை 10, 1806, கவர்னர் வில்லியம் பென்டிங், அடக்கியவர் கில்லஸ்பி' என்று மூன்று துண்டுகள் இருக்கும். நல்ல நூலில் ஒரு சங்கிலி இருக்கும். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவருடைய பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தார்கள். பாளையங்கள் ஒடுக்கப்பட்டதால் பிழைப்பிழந்த வீரர்கள் பலர் கம்பெனிப் படையில் சேர்ந்திருந்தார்கள். அந்த நிலையில் சமயக் குறிகளுக்கும் காதணிக்கும் தடை விதித்து, தாடியை மழிக்கச் சொல்லி, தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணியச் சொன்னது ராணுவ நிர்வாகம். சிப்பாய்கள் எழுந்தார்கள், கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார், கோட்டையில் திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லஸ்பி அன்றைக்கே கோட்டையை மீட்டார். பின்னர் கவர்னர் பென்டிங்கும் தளபதி ஜான் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இப்போது கூற்று–காரணக் கேள்வி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'கூற்று: புரட்சியாளர்கள் கோட்டையில் மைசூர் சுல்தானின் கொடியை ஏற்றினர். காரணம்: திப்புவின் குடும்பத்தினர் வேலூரில் வைக்கப்பட்டிருந்தனர்.' மூன்று துண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே ஊகிக்கத்தான் முடியும். சங்கிலியைப் படித்தவருக்கு ஊகம் தேவையில்லை. கைடு தவறானது என்று நான் சொல்லவில்லை. பாடநூலைப் படித்து முடித்தவருக்குக் கடைசி வாரத்தில் நினைவூட்ட அது உதவும். முதல் வாசிப்புக்கே அதை எடுத்தால், நினைவூட்டிக்கொள்ள உள்ளே எதுவும் இருக்காது.

பழைய சமச்சீர்ப் புத்தகங்கள் வேண்டுமா என்றால், புதிய நூல்களை இரண்டு முறை முடிக்கும்வரை வேண்டாம். இப்போதைய நூல்கள் 2018-லிருந்து படிப்படியாக வந்தவை, முந்தையவற்றைவிட விரிவானவை. அதன் பிறகும் நேரம் இருந்தால், வினாத்தாளில் கண்டு புதிய நூலில் விடை கிடைக்காத கேள்விகளுக்காக மட்டும் பழையதைப் புரட்டலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் படிப்பதில் ஒரு தொல்லை உண்டு. கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட நாள் சில நூல்களில் 1799 அக்டோபர் 16, வேறு சிலவற்றில் 17. இப்படி முரண்படும் இடங்களில் எதைப் பிடித்துக்கொள்வது? நடப்பிலுள்ள பாடநூலைத்தான். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் ஆட்சேபம் தெரிவிக்க டிஎன்பிஎஸ்சி வாய்ப்பளிக்கிறது. அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு கைடின் பக்கத்தைவிட அரசுப் பாடநூலின் பக்கத்துக்கு அங்கே கனம் அதிகம்.

மத்திய அரசின் பள்ளிப் பாடநூல்களான என்சிஇஆர்டி நூல்களில் இன்னொரு வகைக் கவனம் தேவை. தமிழில் அவை வருவதில்லை என்பதால் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்கான மூன்று பாக வரலாற்று நூலில் பாடச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லிச் சில பகுதிகளை நீக்கிவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில் முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் 2023 பதிப்பில் இல்லை. யுபிஎஸ்சி பாடத்திட்டத்திலிருந்து முகலாயர் காலம் நீங்கவில்லை. ஆகவே வாங்கும்போது பதிப்பு ஆண்டைப் பாருங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் முந்தைய பதிப்பே மேல். ஆர்.எஸ். சர்மா எழுதிய பண்டைய இந்தியா, சதீஷ் சந்திரா எழுதிய இடைக்கால இந்தியா ஆகிய பழைய என்சிஇஆர்டி நூல்களுக்கு இன்னும் மதிப்பு குறையவில்லை. குரூப் 1 மட்டும் எழுதுகிறவருக்கு இவை கட்டாயமில்லை. பதினொன்றாம் வகுப்பு நூலே அந்த இடத்தை நிரப்பும்.

அடுத்து ஆழமான நூல்கள். முதன்மைத் தேர்வு விரித்தெழுதும் தேர்வு. நவீன இந்திய வரலாறும் இந்தியப் பண்பாடும் தமிழ்ச் சமூகத்தின் பண்பாடும் மரபும் குரூப் 1 முதன்மைத் தாள்களில் வருகின்றன. இங்கே பள்ளிப் பாடநூல் மட்டும் போதாது. எதற்குப் போதாது என்பதை உத்திரமேரூரை வைத்துக் காட்டுகிறேன்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன், உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறை ஆகியவை எல்லாருக்கும் தெரியும். முதன்மைத் தேர்வில் 'சோழர் காலக் கிராம ஆட்சியை மக்களாட்சி எனலாமா, ஆராய்க' என்று கேட்டால் இந்த மூன்று சொற்களால் ஒரு பத்திகூட எழுத முடியாது. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தார்கள். அந்தத் தகுதியில்தான் விஷயம் இருக்கிறது. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர (ஆண்டு) வாரியம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இது பிராமணர் ஊரின் சபைக்கு உரிய ஏற்பாடு. மற்ற வேளாண் ஊர்களில் 'ஊர்' என்ற அவையும் வணிகர்களுக்கு 'நகரம்' என்ற அவையும் இருந்தன. கணக்குக் கேட்கும் ஒழுங்கையும் நிலமற்றவரையும் பெண்களையும் விலக்கிய எல்லையையும் ஒரே பக்கத்தில் எழுத முடிகிறவர்தான் 'ஆராய்க' என்ற சொல்லுக்கு விடை எழுதுகிறார்.

இந்த அளவு விவரத்துக்குத் தமிழில் நல்ல நூல்கள் இருக்கின்றன. கே.கே. பிள்ளையின் 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' ஒன்றே தமிழ்ச் சமூகப் பகுதியின் பெரும்பகுதிக்குத் துணை நிற்கும். அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு, சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' இரண்டும் பெரிய உழைப்பில் விளைந்தவை. முழுதும் படிக்க நேரம் இருக்காது. உள்ளாட்சி, நிலவரி, கடல்கடந்த படையெடுப்பு முதலிய அத்தியாயங்களை மட்டும் நூலகத்தில் உட்கார்ந்து படியுங்கள். சாஸ்திரியின் நூல் 1930-களில் வெளிவந்தது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோழ அரசு வலுவான மைய ஆட்சி என்ற சித்திரத்தை, பின்னால் வந்த வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன் மறுத்தார். ஜப்பானிய ஆய்வாளர் நொபொரு கராஷிமா கல்வெட்டுகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து வேறு முடிவுகளுக்கு வந்தார். இந்த விவாதம் இருக்கிறது என்று இரண்டு வாக்கியம் எழுதத் தெரிந்தாலே விடைத்தாளின் தரம் மாறிவிடும்.

நவீன இந்தியாவுக்கு எல்லாரும் சொல்லும் பெயர் ராஜீவ் அகிரின் ஸ்பெக்ட்ரம் வெளியீடு. நன்கு தொகுக்கப்பட்டது, முதல்நிலைக்கு வசதியானது. ஆனால் அதை மட்டும் படித்தவர் நிகழ்வுகளை அறிவாரே தவிர, 1922-இல் நின்ற காந்தியின் இயக்கம் 1930-இல் ஏன் மீண்டும் எழுந்தது என்று விளக்கத் திணறுவார். அதற்குப் பிபன் சந்திராவும் உடன் எழுதியவர்களும் 1988-இல் கொண்டுவந்த இந்திய விடுதலைப் போராட்ட நூல் வேண்டும். போராட்டம், இடைவேளை, மீண்டும் போராட்டம் என்ற காந்தியின் உத்தியை அது தெளிவாக்குகிறது. அதன் பார்வையின் மையம் காங்கிரஸ் என்பதால், 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் (நீதிக்கட்சி) ஏன் தோன்றியது, 1925-இல் பெரியார் காங்கிரஸை விட்டு ஏன் வெளியேறினார் என்ற கேள்விகளுக்கு அங்கே போதிய விடை கிடைக்காது. அந்த இடங்களில் நம் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். தண்டியும் வேதாரண்யமும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருக்கட்டும். 1930 மார்ச் 12 அன்று சபர்மதியில் காந்தி கிளம்பினார், ஏப்ரல் 13 அன்று திருச்சியில் ராஜாஜி கிளம்பினார். இரண்டையும் இணைத்தே படியுங்கள்.

கலை, பண்பாட்டுக்குச் சந்தையில் உள்ள தடிமனான ஆங்கிலத் தொகுப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. மாமல்லபுரம், தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் படங்களோடு ஊன்றிப் படித்து, பிறகு நாகர, வேசரக் கோயில் கட்டடப் பாணிகளை அவற்றோடு ஒப்பிட்டால் குழப்பம் வராது.

எந்த அச்சு நூலும் ஈடுகட்ட முடியாத பகுதி தொல்லியல். சங்க காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொடங்குகிறது என்று நெடுங்காலமாகப் பல நூல்களில் எழுதியிருந்தார்கள். கீழடி பற்றிய மாநிலத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கை, அங்கே நகர வாழ்வு கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே இருந்தது என்றது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை தூத்துக்குடி மாவட்டம் சிவகளை மாதிரிகளின் அடிப்படையில் அதைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குக் கொண்டுபோனது. இது பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. தேர்வெழுதுகிறவர், எந்த இடம், எந்த அறிக்கை, எந்த ஆண்டு, என்ன முடிவு என்று நான்கையும் சேர்த்தே குறித்துவைக்க வேண்டும். பாடநூலின் அந்தப் பக்கத்திலேயே ஒரு தாளை ஒட்டி, செய்தி வரும்போதெல்லாம் அதில் எழுதிக்கொண்டு வாருங்கள். தனி நோட்டில் எழுதினால் பாடத்தைத் திருப்பிப் படிக்கும்போது அது கண்ணில் படாது.

விருப்பப் பாடமாக வரலாற்றை எடுக்கலாமா என்று யுபிஎஸ்சி எழுதுகிறவர்கள் கேட்பதுண்டு. முதல் தாளில் வரைபடத்தில் குறித்த இருபது இடங்களுக்குத் தலா இரண்டரை மதிப்பெண், ஆக ஐம்பது மதிப்பெண்ணுக்குக் கட்டாயக் கேள்வி வரும். அதற்கே தனித் தயாரிப்பு வேண்டும். மேலே சொன்ன பாடநூல்களை முடித்த பிறகும் வரலாற்றைப் படிக்கும் ஆசை குறையவில்லை என்றால் எடுங்கள். பொது அறிவுத் தாளுக்கு உதவும் என்ற ஒரே காரணத்துக்காக எடுக்காதீர்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டிலிருந்து வருகிறவர்கள் நிறைய என்பது எனக்குத் தெரியும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் வகுப்புகள் இலவசம். சென்னையில் கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லாவற்றிலும் போட்டித் தேர்வு நூல்கள் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய வரலாற்று நூல்கள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். விலை அதிகமான எந்த நூலையும் வாங்குமுன் நூலகத்தில் ஓர் அத்தியாயம் படித்துப் பாருங்கள். வேலூரை அல்லது உத்திரமேரூரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே அந்த நூல் உங்களுக்கு உதவுமா என்பது புரிந்துவிடும்.

இப்போது மேசையில் இருக்கும் குவியலை என்ன செய்வது? பயிற்சி மையக் குறிப்பில் பாடநூலில் இல்லாத பக்கங்கள் இருந்தால் அவற்றை மட்டும் கிழித்து, உரிய பாடத்தின் இடையில் செருகிவிடுங்கள். இரண்டு கைடுகளில் வினாக்கள் அதிகமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். யார் தொகுத்தது, எந்த ஆண்டு என்று தெரியாத பிடிஎஃப் கோப்புகளை அழித்துவிடுங்கள். ஒரு நண்பருடன் சேர்ந்து படிப்பதாக இருந்தால், இருவரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். விவாதிக்கும்போது பக்க எண் சொல்லிக்கொள்ள முடியும். இந்த வாரம் பத்தாம் வகுப்பின் அந்த மூன்று பாடங்களில் தொடங்கி, ஒவ்வொன்றையும் படித்த அன்றைக்கே அதிலிருந்து வந்த பழைய கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதைக் குறித்து எழுதினால், அடுத்து எந்த நூலுக்குப் போகலாம் என்று சொல்கிறேன்.